43 டிகிரியில் சிறு விமானம்: குளுமைக்கு எத்தனை கிலோ?

செஸ்னா 172எஸ் விமானக் கையேட்டின் புறப்பாட்டு அட்டவணை 0 டிகிரி செல்சியஸில் தொடங்கி 40 டிகிரியில் முடிகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ் நகரில், 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுக் கணக்குப்படி, ஜூலை மாதப் பகல் வெப்பநிலையின் சராசரி உச்சம் சுமார் 41.4 டிகிரி. அந்த ஊரின் வழக்கமான ஜூலைப் பிற்பகலே அட்டவணையின் கடைசிக் கட்டத்தை 1.4 டிகிரி தாண்டிவிடுகிறது. நகரின் வடக்கில், கடல்மட்டத்துக்கு 1,478 அடி உயரத்தில், டீர் வேலி விமான நிலையம் இருக்கிறது. சிறு விமானப் போக்குவரத்தில் அமெரிக்காவிலேயே மிகப் பரபரப்பான நிலையங்களுள் அது ஒன்று. அங்கே 43 டிகிரிப் பிற்பகலில் ஒரு 172எஸ் புறப்படுவதாக வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களின் உடல் வசதிக்கு ஆகும் செலவை இக்கட்டுரை கிலோவிலும் லிட்டரிலும் நிமிடத்திலும் கணக்கிடுகிறது. டிகிரி என்பது எங்கும் செல்சியஸ். 1 அடி 0.305 மீட்டர், 1 கேலன் 3.785 லிட்டர்.

விமானத்தின் பக்கம்

முதல் எண் 34 சதவீதம். கடல்மட்டத்தில், காற்று வீசாத நிலையில், 2,550 பவுண்டு முழு எடையுடன் 172எஸ் தரையை விட்டு எழ 0 டிகிரியில் 860 அடி ஓட வேண்டும். 40 டிகிரியில் 1,150 அடி. 50 அடி உயரத் தடையைத் தாண்டத் தேவைப்படும் மொத்தத் தூரம் 1,465 அடியிலிருந்து 1,945 அடியாகிறது. இது 33 சதவீத உயர்வு. டீர் வேலியின் நீண்ட ஓடுபாதை 8,196 அடி. ஆகவே அங்கே ஓடுபாதையின் நீளம் பெரிய கவலை இல்லை. ஏறும் வேகம்தான் கவலை.

இரண்டாவது எண் 560. கையேட்டின்படி 2,000 அடி உயரத்தில் இந்த விமானம் 0 டிகிரியில் நிமிடத்துக்கு 695 அடி ஏறும். 20 டிகிரியில் 625 அடி. 40 டிகிரியில் 560 அடி. 40 டிகிரி இடைவெளியில் இழப்பு 19 சதவீதம். 43 டிகிரிக்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. அதே போக்கை நீட்டினால் 550 அடி வருகிறது.

இந்த இழப்பை ஒரே எண்ணில் சொல்வது அடர்த்தி உயரம். 1,478 அடியில் சர்வதேசத் திட்ட வளிமண்டலத்தின் வெப்பநிலை சுமார் 12 டிகிரி. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்ப்பது விமானிகளின் நடைமுறைக் கணக்கு. 43 டிகிரியில் 31 டிகிரி மிகை; 3,710 அடி கூடுகிறது; அடர்த்தி உயரம் ஏறத்தாழ 5,190 அடி. அந்த உயரத்துக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 14 சதவீதம் குறைவு. 180 குதிரைத்திறன் எஞ்சினிடமிருந்து 150ஐ ஒட்டித்தான் கிடைக்கும். வெப்பம் பயணிக்கு முன்பாக விமானத்தின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவு.

மிச்சம் என்ன என்பது 262 கிலோ என்ற எண்ணில் இருக்கிறது. 172எஸ்ஸின் அடிப்படைக் காலி எடை 1,663 பவுண்டு, அதாவது 754 கிலோ. தரையில் அனுமதிக்கப்படும் உச்ச எடை 2,558 பவுண்டு, 1,160 கிலோ. இடைவெளி 406 கிலோ. பயன்படுத்தக்கூடிய முழு எரிபொருள் 53 கேலன், சுமார் 200 லிட்டர். எடை 144 கிலோ. மீதி 262 கிலோ. தலா 85 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால் 92 கிலோ மிஞ்சும். மூவர் ஏறினால் 7 கிலோதான் மிஞ்சும். மூன்றாமவர் ஏறிய பிறகு வசதிக்காகச் சேர்க்கும் பொருள் இந்த 7 கிலோவைத் தாண்டினால் எரிபொருளை இறக்கியாக வேண்டும்.

இறக்கும் விகிதம் ஒரு கிலோவுக்கு இரண்டரை நிமிடம். விமானப் பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 0.72 கிலோ. மணிக்கு 9 கேலன், அதாவது 34 லிட்டர் செலவாகிறது என்று கொண்டால், ஒரு கிலோ எரிபொருள் 1.39 லிட்டர், 2.45 நிமிடப் பறப்பு. அமெரிக்க விதிப்படி, பகலில் கண்பார்வை விதிகளின் கீழ் பறப்பவர் சேருமிடத்துக்குப் பிறகு 30 நிமிடத்துக்கான எரிபொருளைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். இந்த விமானத்தில் அது 17 லிட்டர், 12 கிலோ. கீழே வரும் ஒவ்வொரு செலவையும் இந்த 12 கிலோவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தரையில்

நிறுத்திவைத்த விமானத்துக்கு நெருங்கிய அளவீடு கார்களில் கிடைக்கிறது. ஃபீனிக்ஸை அடுத்த டெம்பி நகரில் அரிசோனா அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உட்காற்று சராசரியாக 47 டிகிரி. முகப்புப் பலகை 69 டிகிரி. ஸ்டீயரிங் 53 டிகிரி. இருக்கை 51 டிகிரி. நிழலில் நின்றவற்றில் இவை முறையே 38, 48, 42, 41. தொட்டால் வலி தொடங்கும் வெப்பநிலை 43 முதல் 45 டிகிரி வரை. நிழலில் நின்ற காரின் ஸ்டீயரிங் இந்த வரம்புக்குக் கீழே இருக்கிறது. வெயிலில் நின்றது 8 டிகிரியாவது மேலே இருக்கிறது. சிறு விமானத்தில் கண்ணாடிப் பரப்பின் பங்கு காரைவிடக் குறையாது என்பதால், வித்தியாசம் இதே திசையில் இருக்கும் என்று கொள்ளலாம்.

சூடேறும் வேகத்துக்கு 80 சதவீதம் என்ற எண் உண்டு. 2005இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில், மூடிய காரின் உட்காற்று முதல் 10 நிமிடத்தில் 10.5 டிகிரியும், 30 நிமிடத்தில் 19 டிகிரியும், 60 நிமிடத்தில் 24 டிகிரியும் உயர்ந்தது. ஒரு மணி நேர உயர்வில் ஏறத்தாழ 80 சதவீதம் முதல் அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. கண்ணாடியை நாலு சென்டிமீட்டர் அளவுக்குத் திறந்துவைத்ததால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. இதிலிருந்து இரண்டு முடிவுகள். சிறிய இடுக்கை நம்புவதில் பயனில்லை. கதவுகளை முழுதாகத் திறந்துவைப்பதும், விமானத்தைச் சுற்றிப் பார்த்துச் செய்யும் சோதனையை மறைப்புத் துணியை எடுக்கும் முன்பே முடித்துக்கொள்வதும் எடைச் செலவு இல்லாதவை.

கருவிகளுக்கு 35 டிகிரி. வான்வரைபடங்களைக் காட்டப் பல விமானிகள் ஐபேட் வைத்திருக்கிறார்கள். அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் இயக்க வரம்பு 0 முதல் 35 டிகிரி வரை. அணைத்துவைப்பதற்கான உச்சம் 45 டிகிரி. வெயிலில் நின்ற காரின் 47 டிகிரி உட்காற்று இரண்டு வரம்புகளையும் தாண்டுகிறது. ஐபேட்டை முகப்புக் கண்ணாடியருகே பொருத்தாமல் காற்றுத் துளைக்கு எதிரே பொருத்துவதும், ஒரு காகித வரைபடத்தை உடன் வைத்துக்கொள்வதும் இந்த எண்களிலிருந்து வரும் நடைமுறை.

உடலின் பக்கம்

உட்கார்ந்திருக்கும் மனிதர் 100 முதல் 120 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை காற்று உடலைக் குளிர்விக்கும். மேலே போனால் சூடேற்றும். 43 டிகிரியில் காற்றுத் துளையைத் திறந்தால் வருவது தோலைவிட 8 டிகிரி சூடான காற்று. அந்நிலையில் வெப்பத்தை வெளியேற்றும் வழியாக மிஞ்சுவது வியர்வை ஆவியாவது மட்டுமே.

ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 2,430 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். உடல் வெப்பம், கண்ணாடி வழியே மேலே விழும் வெயில், சூடான காற்று மூன்றும் சேர்ந்து 350 வாட் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 1,260 கிலோஜூல், வியர்வை 0.52 லிட்டர். மூன்று மணி நேரத்தில் 1.55 லிட்டர். 75 கிலோ எடையுள்ளவருக்கு இது உடல் எடையில் 2.1 சதவீதம். அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ. விமானிகளுக்கு வெளியிட்ட கையேட்டின்படி, தாகம் உணரப்படுவது ஏறத்தாழ 1.4 லிட்டர், அல்லது உடல் எடையில் 2 சதவீதம், குறைந்த பிறகுதான். ஆக, தாகம் வரும்வரை காத்திருப்பவர் மூன்றாவது மணியில், இறங்கும் வேளையில், முதல் முறையாகத் தண்ணீரைத் தேடுவார்.

இதற்கு எதிரான செலவு 5 நிமிடம். இரண்டு லிட்டர் தண்ணீரின் எடை 2 கிலோ. மேற்கண்ட விகிதப்படி 4.9 நிமிட எரிபொருள். கழிப்பறை இல்லாத விமானத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆனால் மணிக்கு அரை லிட்டர் வியர்வை போகும்போது, அதே அளவு குடிப்பதில் பெரும்பகுதி வியர்வைக்கே சரியாகிவிடும். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பதைவிட, 15 நிமிடத்துக்கு ஒருமுறை 125 மில்லிலிட்டர் குடிப்பது இந்தக் கணக்குக்குப் பொருந்தும்.

ஐஸும் ஈரத்துண்டும்

அடுத்த எண் 7.3. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை ஏற்கிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது 2,430 கிலோஜூல். எடைக்கு எடை பார்த்தால் ஆவியாகும் தண்ணீர் ஐஸைவிட 7.3 மடங்கு வேலை செய்கிறது. கழுத்தில் போட்ட ஈரத்துண்டிலிருந்து 200 மில்லிலிட்டர் ஒரு மணி நேரத்தில் ஆவியானால் 486 கிலோஜூல். சராசரியாக 135 வாட். அதே வேலைக்கு 1.45 கிலோ ஐஸ் வேண்டும். துண்டு எடுக்கும் வெப்பம் முழுவதும் உடலிலிருந்தே வருவதில்லை. ஒரு பங்கு காற்றிலிருந்து வரும். பாதியைக் கழித்தாலும் 3.6 மடங்கு மிஞ்சுகிறது.

இந்தச் சாதகம் இடத்தைப் பொறுத்தது. 42 டிகிரி, 10 சதவீத ஈரப்பதம் என்ற பாலைநிலப் பிற்பகலில் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) சுமார் 19.5 டிகிரி, இடைவெளி 22.5 டிகிரி. 36 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்று சென்னைக் கடற்கரையை ஒத்த நிலையை எடுத்தால் ஈரக்குமிழ் 29.1 டிகிரி, இடைவெளி 6.9 டிகிரி. ஈரத்துணியால் காற்றைக் குளிர்விப்பதற்கான இடம் ஃபீனிக்ஸில் 3.3 மடங்கு அதிகம். வெப்பமானியில் 6 டிகிரி குறைவாகத் தெரியும் ஊரில் இந்த வழியின் பலன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. அரிசோனாவில் சரியாக வேலை செய்யும் ஏற்பாட்டைக் கடலோர விமான நிலையத்துக்கு அப்படியே எடுத்துவர முடியாது.

ஐஸ் பெட்டிக்கு வருவோம். பெட்டியில் ஐஸும் தண்ணீரும். சிறு பம்பு அந்தத் தண்ணீரைச் சுருள் குழாயில் சுற்றவிடும். விசிறி குளிர்காற்றைத் தள்ளும். ஏசி வாங்குபவர்கள் சொல்லும் 'ஒரு டன்' என்பது 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது கிடைக்கும் குளிர், 3,517 வாட். மணிக்கு 37.8 கிலோ ஐஸ். 15 கிலோ ஐஸ் ஒரு மணி நேரத்தில் உருகினால் 1,392 வாட், 0.4 டன். வீட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசியில் கால் பங்கைச் சற்றே தாண்டிய அளவு.

1,392 வாட் போதுமா என்பதற்கு 1,368 என்ற எண் பதில். வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட், கண்ணாடியின் பயன்பரப்பு 1.5 சதுர மீட்டர், ஊடுருவல் 85 சதவீதம் என்று கொண்டால் உள்ளே வருவது 1,148 வாட். இருவர் உடல் வெப்பம் 220 வாட். கூட்டினால் 1,368 வாட். ஐஸ் முழுவதும் வெயிலுக்கும் இரு உடல்களுக்கும் சரியாகிவிடுகிறது. இடுக்குகள் வழியே நுழையும் 43 டிகிரிக் காற்றுக்கு எதுவும் மிஞ்சவில்லை. விமானத்தின் உட்புறம் முழுவதையும் 15 கிலோ ஐஸ் குளிர்விக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. முகத்துக்கும் மார்புக்கும் நேரே காற்றைத் திருப்பினால் பயன் உண்டு.

அதன் விலை 56 நிமிடம். பெட்டி, பம்பு, விசிறி மூன்றுக்கும் 8 கிலோ என்று வைத்தால் மொத்தம் 23 கிலோ, 31.9 லிட்டர் எரிபொருளுக்குச் சமம். உச்ச எடையை எட்டிய விமானத்தில் ஒரு மணி நேரக் குளுமைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர எரிபொருளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 30 நிமிடக் கையிருப்பைப் போல இது 1.9 மடங்கு. மேலும், எரிபொருள் செலவாகச் செலவாக எடை குறையும். ஐஸ் உருகித் தண்ணீரானாலும் 15 கிலோ 15 கிலோவாகவே இருக்கும்.

தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் ஏசி எஞ்சினின் திறனை எடுத்துக்கொள்கிறது. பைப்பர் ஆரோ விமானத்தின் கையேடு, ஏசி ஓடும்போது ஏறும் வேகம் நிமிடத்துக்கு 100 அடி வரை குறையலாம் என்றும், புறப்படும்போது அதை அணைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆரோ வேறு விமானம். நேர் ஒப்பீடு பொருந்தாது. அளவை உணர்வதற்காக மட்டும்: 550 அடியில் 100 அடி என்பது 18 சதவீதம்.

உயரமும் கடிகாரமும்

நன்கு கலந்த பிற்பகல் காற்றில் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 டிகிரி குறையும். தரையில் 43 டிகிரி என்றால், தோல் வெப்பநிலையான 35ஐ எட்ட 2,670 அடி ஏற வேண்டும். கையேட்டின் ஏறும் வேகங்களை இந்த வெப்பநிலைகளுக்குப் பொருத்தினால், முழு எடையில் அதற்கு ஆகும் நேரம் சுமார் 5 நிமிடம். அதன்பிறகு காற்றுத் துளை உடலுக்குச் சாதகமாக மாறுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 8,000 அடியை எட்ட 14 நிமிடம். அங்கே வெளிக்காற்று 23.4 டிகிரி. குறைவு 19.6 டிகிரி.

இந்த 19.6 டிகிரிக்குச் செலவு 2.65 லிட்டர். ஏறும்போது மணிக்கு 12 கேலன், சமதளப் பறப்பில் 9 கேலன் என்று கொண்டால், 14 நிமிடத்தில் வித்தியாசம் 0.7 கேலன், எடை 1.9 கிலோ. கேலன் 6.50 டாலர் என்று வைத்தால் 4.55 டாலர். ஏறும்போது வேகம் குறைவதால் 5 நிமிடம் வரை தாமதமாகலாம். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஐஸ் பெட்டியின் 23 கிலோவோடு ஒப்பிட்டால் இது 8 சதவீதம்.

உயரத்துக்கு இரண்டு எல்லைகள். மேலே 12,500 அடி: அதைத் தாண்டி 30 நிமிடத்துக்கு மேல் பறந்தால் விமானிக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பது அமெரிக்க விதி. கீழே 1,000 அடி: இறங்கிப் பழகும் மாணவர் ஓடுபாதையைச் சுற்றிப் பறப்பது தரைக்கு மேல் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான். அவருக்குக் கிடைப்பது 3 டிகிரி மட்டும். 43 டிகிரி 40 ஆகும். பிற்பகல் வெப்பத்தில் மிக நீண்ட நேரம் உட்காருபவர் அவரே. பெரும்பாலும் இருவர் மட்டும் ஏறும் அந்த விமானத்தில் 92 கிலோ மிச்சம் இருப்பதால், ஐஸ் பெட்டிக்கு நியாயம் கிடைக்கும் இடமும் அதுவே.

மாணவருக்கு இன்னொரு வழி 13 டிகிரி தருகிறது. ஜூன் இறுதியில் ஃபீனிக்ஸில் சூரியன் உதிப்பது அதிகாலை 5.18 மணியளவில். அப்போது 30 டிகிரி என்று கொண்டால், டீர் வேலியின் அடர்த்தி உயரம் 3,630 அடி. பிற்பகலைவிட 1,560 அடி குறைவு. 2,000 அடியில் ஏறும் வேகம் நிமிடத்துக்கு 592 அடி. பிற்பகலைவிட 42 அடி கூடுதல். வெயில் சாய்வாக விழுவதால் உள்ளே வரும் வெப்பமும் சிறு பங்கே. விடியலில் தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கலாம் என்பதால் 1,000 அடிக்கு 3 டிகிரி என்ற கணக்கு அப்போது பொருந்தாது. எடைச் செலவு 0 கிலோ.

தொகுப்பு

அதிகாலைக்கு மாற்றுதல்: 0 கிலோ, 13 டிகிரி.
நிழலில் நிறுத்துதல்: 0 கிலோ, கார் அளவீட்டின்படி ஸ்டீயரிங்கில் 11 டிகிரி, முகப்புப் பலகையில் 21 டிகிரி.
ஈரத்துண்டு, ஒருவருக்கு: 0.2 கிலோ தண்ணீர். ஒரு மணி நேரத்துக்கு 135 வாட் வரை.
8,000 அடிக்கு ஏறுதல்: 1.9 கிலோ எரிபொருள், 19.6 டிகிரி.
குடிநீர், ஒருவருக்கு: 2 கிலோ, மூன்று மணி நேர வியர்வையை ஈடுசெய்து மேலும் 0.45 லிட்டர்.
ஐஸ் பெட்டி: 23 கிலோ, ஒரு மணி நேரத்துக்கு 1,392 வாட்.

மூவர் ஏறிய விமானத்தில் மிச்சம் 7 கிலோ. மூவருக்கும் தலா 2 லிட்டர் குடிநீரும் துண்டுக்கு 0.2 லிட்டரும் சேர்ந்து 6.6 கிலோ, அதற்குள் அடங்குகிறது. உயரத்துக்கான 1.9 கிலோ டாங்கியில் ஏற்கெனவே இருக்கும் எரிபொருள். ஐஸ் பெட்டி ஒன்றுதான் மிச்சத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கிறது.

பட்டியலின் முதல் வரி இலவசமாக நீடிக்குமா என்பதற்கு நான்கு எண்கள் உள்ளன. ஃபீனிக்ஸில் 43.3 டிகிரியை எட்டிய நாள்கள், 1991 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 21, 2020இல் 53, 2023இல் 55, 2024இல் 70. 2023 ஜூலை 19 அன்று நகரின் குறைந்தபட்ச வெப்பநிலையே 36.1 டிகிரி, அந்த ஊரில் பதிவான குறைந்தபட்சங்களில் மிக உயர்ந்தது. அன்று 24 மணி நேரத்தில் எந்த நிமிடத்திலும் தரைக்காற்று தோல் வெப்பநிலைக்குக் கீழே இறங்கவில்லை. 1,135 அடி உயரத்திலுள்ள ஸ்கை ஹார்பர் நிலையத்தில் அன்றைய மிகக் குளிர்ந்த வேளையின் அடர்த்தி உயரமும் ஏறத்தாழ 3,940 அடி. ஒரு நாளின் பதிவைக் கொண்டு போக்கை முடிவுசெய்ய முடியாது. ஆனால் அப்படிப்பட்ட நாளில் அதிகாலைக்கு மாற்றினால், 43 டிகிரியோடு ஒப்பிடும்போது கிடைப்பது 13 டிகிரியிலிருந்து 7 டிகிரியாகச் சுருங்குகிறது. மீதி 6 டிகிரியைத் தண்ணீரிலோ உயரத்திலோ ஐஸிலோ வாங்க வேண்டியிருக்கும். அவை மூன்றும் எடையில் எழுதப்படும் செலவுகள்.